பின்னால் இழுத்துக் கட்டிய பகுதிக்கு மேல் மாடி எடுக்கலாமா? (திருமங்கலம், கரிசல் மண்)

திருமங்கலத்துக்காரி:

வணக்கம். வீடு கட்டிப் பார்த்தவர்களும் பொறியாளர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீடு திருமங்கலத்தில் இருக்கிறது. முன்பகுதி 1992-ல் அப்பா கட்டியது. கருங்கல் அஸ்திவாரம், 9 அங்குலச் செங்கல் சுவர், பில்லர் கிடையாது. 2010-ல் அண்ணன் பின்பக்கம் 22 அடி நீளம், 16 அடி அகலத்துக்கு இழுத்துக் கட்டினார். அடுப்படி, ஒரு படுக்கையறை, குளியலறை மூன்றும் அதில்தான். அந்தப் பகுதிக்குப் பில்லர் போட்டிருக்கிறார்கள். "பின்னாடி மாடி எடுத்துக்கலாம்" என்று அப்போதே சொல்லி, மொட்டைமாடியில் கம்பியை நீட்டி விட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கீழே இருக்கும் அறையை அவருக்கு விட்டுவிட்டு, எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மேலே ஒரு அறை, சின்ன ஹால், குளியலறை கட்டலாம் என்று இருக்கிறோம். பின்பகுதிக்கு மேல் மட்டும்தான். அப்பா கட்டிய முன்வீட்டின் மேல் எதுவும் ஏற்றப் போவதில்லை.

அன்றைக்குக் கட்டிய மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு என்ன, ரெண்டு மாடியே ஏத்தலாம்" என்கிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பொறியாளர், "தோண்டிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்கிறார். அஸ்திவாரத்தைத் தோண்டினால் அதுவே பலவீனம் என்று மேஸ்திரி கோபப்படுகிறார். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள்.

எனக்கு மனதை உறுத்துவது ஒரு விரிசல். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில், அடுப்படி வாசலை ஒட்டி, மேலிருந்து கீழே நேராக ஓடுகிறது. சித்திரை வெயிலில் அதில் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். ஐப்பசி மழைக்கு அப்புறம் மயிரிழை போல ஆகிவிடும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலும் மறு வருஷம் அதே இடத்தில் வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் நல்ல கரிசல் மண், கோடையில் கொல்லை முழுக்கப் பாளம் பாளமாக வெடிக்கும்.

நகையை வைத்துத்தான் இந்த வேலையைத் தொடங்குகிறோம். கட்டி முடித்தபின் ஏதாவது ஆனால் இரண்டாவது முறை செய்யக் கையில் ஒன்றும் இருக்காது. மாடி எடுக்கலாமா, எடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், பார்க்க எவ்வளவு செலவழிக்கலாம்?

உசிலம்பட்டி சாரம்:

அக்கா, எங்கப்பா கொத்தனார். நான் சாரம், சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அஸ்திவாரத்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும்.

2010-லிருந்து வெயிலிலும் மழையிலும் நிற்கிற கம்பி அது. மேலே தெரிகிற பாகத்தை விட, தளத்துக்குள் இறங்குகிற கழுத்துப் பகுதியில்தான் அதிகம் அரித்திருக்கும். மழைத்தண்ணீர் தேங்கி நிற்பது அங்கேதான். ஒயர் பிரஷ் போட்டு வெள்ளிக் கம்பி தெரிகிற வரை தேய்த்துவிட்டு, வெர்னியர் (கம்பியின் கனம் அளக்கிற கருவி) வைத்து அளந்து பாருங்கள். 12 எம்.எம். கம்பியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எழுதிவைத்துப் பொறியாளரிடம் காட்டுங்கள். துரு பொடியாக உதிர்ந்தால் பயமில்லை. தகடு தகடாக உரிந்தால் அந்தக் கம்பியை நம்பி மேலே பில்லர் ஏற்றக் கூடாது.

அப்புறம் நீளம். 12 எம்.எம். கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட ஏறக்குறைய 2 அடி ஒட்டு வேண்டும். நிறைய வீடுகளில் ஓர் அடிதான் விட்டிருப்பார்கள். பிள்ளைகள் காலில் குத்தும் என்று சில இடங்களில் மடக்கி வேறு விட்டிருப்பார்கள். மடக்கின கம்பியை அடித்து நிமிர்த்தினால் அந்த முழங்கையில் ஒடியும்.

கம்பி போதவில்லை என்றால் பில்லர் தலையில் துளை போட்டு, கெமிக்கல் ஊற்றிப் புதுக் கம்பி நடலாம். அதில் ஒரே ஒரு காரியத்தைக் கண்ணால் பாருங்கள். துளை போட்டதும் காற்றடித்து ஊத வேண்டும், பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், திரும்ப ஊத வேண்டும். உள்ளே தூசி இருந்தால் கெமிக்கல் தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

ஓவர்சியர் (ஓய்வு):

அம்மா, அரசுக் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை மாவட்டத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு மேல் மாடி எடுத்த வேலைகளில் நின்றிருக்கிறேன். நகையை வைத்துக் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேஸ்திரி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தான் போட்ட வேலை மீது அவருக்கு நம்பிக்கை இருக்கும். ஆனால் மொட்டைமாடியில் கம்பி நீட்டியிருப்பதால் தெரிவது ஒன்றுதான்: மாடி எடுக்கும் எண்ணம் அன்றைக்கு இருந்தது. அந்த எண்ணத்துக்குத் தகுந்த ஃபுட்டிங்கை, அதாவது பில்லருக்கு அடியில் மண்ணுக்குள் போடுகிற அகலமான கான்கிரீட் பாதத்தை, கீழே போட்டார்களா என்பது தனிக் கேள்வி. பில்லருக்கு நாலு கம்பியை மூன்று அடி கூட விடுவதற்கு ஆகும் செலவு சொற்பம். ஃபுட்டிங்கை ஓர் அடி அகலம் கூட்டுவதும் இரண்டு அடி ஆழம் கூட்டுவதும் செலவு பிடிக்கும் வேலை. பணம் இறுகும்போது மண்ணுக்குள் மறைகிற இடத்தில்தான் குறையும். இதை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் சில விவரம் வேண்டும். முதலில், மொட்டைமாடியில் எந்தெந்த இடத்தில் கம்பி நிற்கிறது? பின்சுவர் ஓரம் மட்டுமா, பழைய வீட்டுச் சுவரை ஒட்டியும் நிற்கிறதா? இது மிக முக்கியம். நிறைய பேர் வெளிப்பக்கம் மட்டும் பில்லர் போட்டுவிட்டு, தளத்தின் இன்னொரு விளிம்பைப் பழைய சுவரின் மேல் உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி இருந்தால், முன்வீட்டின் மேல் எதையும் ஏற்றவில்லை என்று நீங்கள் நினைத்தாலும், மாடியின் பாதி எடை உங்கள் அப்பா கட்டிய சுவரில்தான் இறங்கும்.

இன்னொன்று, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? பில்லரிலிருந்து எத்தனை அடி? கரிசல் மண் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டைச் சுற்றி ஒரே மாதிரி ஊறி ஒரே மாதிரி காய்ந்தால் கூடச் சமாளிக்கலாம். ஒரு மூலை மட்டும் வருஷம் முழுக்க ஈரமாகவும் மற்ற பக்கம் கோடையில் வெடித்தும் கிடந்தால், கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும் ஏறி இறங்கும். உங்கள் விரிசல் வெயிலுக்குத் திறந்து மழைக்கு மூடுவது அதைத்தான் காட்டுகிறது. சுவரில் கோளாறு இருந்து வந்த விரிசல் மாதிரி தெரியவில்லை.

தோண்டுவது பற்றி. ஒரே ஒரு பில்லருக்குப் பக்கத்தில், மூன்றடிக்கு மூன்றடி குழி போதும். மழை இல்லாத நாளில், வெளிப்பக்கத்திலிருந்து எடுங்கள். ஃபுட்டிங்கின் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே பறிக்கவே கூடாது. அளவெல்லாம் எடுத்துவிட்டு அன்றைக்கே மூடிவிடுங்கள். மூடும்போது எடுத்த கரிசலைத் திரும்பப் போடாமல், கிராவலை அரையடி அரையடியாகப் போட்டுத் திமுசுக் கட்டையால் இடித்து மூடுங்கள். இப்படிச் செய்தால் பலவீனம் எதுவும் வராது. அந்தப் பொறியாளர் தோண்டச் சொன்னதற்காகவே அவரை விட்டுவிடாதீர்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்தான் ஆபத்து.

குழிக்குள் பார்க்க வேண்டியது: ஃபுட்டிங் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, எத்தனை அடிக்கு எத்தனை அடி, கான்கிரீட் எவ்வளவு கனம், அடியில் என்ன மண். நம் பக்கம் கரிசலுக்குக் கீழே போனால் பல இடத்தில் வெளுத்த சுக்கான் மண் வரும். ஃபுட்டிங் அதில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். அடிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்துகிறதா, நகம்கூட இறங்கவில்லையா என்று எழுதுங்கள்.

விரிசலுக்கு, அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரு பக்கச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி கீறும்.

திருமங்கலத்துக்காரி:

அய்யா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. அந்தப் பொறியாளரை வரவழைத்து அவர் முன்னாலேயே குழி எடுத்தோம். மேஸ்திரியையும் கூப்பிட்டு நிற்க வைத்தோம், அவரும் பார்க்கட்டும் என்று.

கம்பி நிற்பது மூன்று இடத்தில் மட்டும். மூன்றும் பின்சுவர் ஓரம், 11 அடிக்கு ஒன்று. பழைய சுவர்ப் பக்கம் கம்பியே இல்லை. பொறியாளர் உள்ளே பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தார். நீங்கள் சொன்ன மாதிரியே, புதுத் தளத்தின் விளிம்பு அப்பா கட்டிய சுவரில் காடி வெட்டி உட்கார்ந்திருக்கிறது.

நடுப் பில்லரை ஒட்டிக் குழி எடுத்தோம். ஃபுட்டிங் 4 அடி ஆழத்தில் இருக்கிறது, அளவு மூன்றடிக்கு மூன்றடி. அடியில் கறுப்பு மண்தான், சுக்கான் வரவில்லை. மண் ஈரமாக இருந்தது, கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிறது. குழி எடுத்தவருக்கே நாற்றம் அடித்தது. செப்டிக் டேங்க் அங்கிருந்து 5 அடியில் இருக்கிறது. மேஸ்திரி எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டேங்க் அப்புறம் வந்தது, நான் போட்டது இல்ல" என்றார். அதுவும் உண்மைதான், டேங்கை வேறு ஆள் வைத்துக் கட்டினோம்.

பில்லர் 9 அங்குலத்துக்கு 9 அங்குலம். கான்கிரீட்டைச் சுத்தியல் வைத்துச் சோதித்தார், பில்லர் பரவாயில்லை என்றார். இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஓவர்சியர் (ஓய்வு):

பில்லர் பரவாயில்லை என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கான்கிரீட் நன்றாக இருந்தால் 9-க்கு 9 பில்லர் கணக்குப்படி ஒரு மாடியைத் தாங்கும். உங்கள் சிக்கல் அதன் காலடியில் இருக்கிறது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நடுப் பில்லரின் பங்கு, நீளவாக்கில் 11 அடி, குறுக்கே 16 அடியில் பாதி 8 அடி. ஆக 88 சதுர அடித் தளம் அதன் தலையில். மாடிக்கு 5 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் சதுர அடிக்கு 29 கிலோ, 88 சதுர அடிக்கு இரண்டரை டன். அதன் மேல் ஜல்லித் தளமும் தட்டோடும் ஒன்றரை டன். குடியிருப்புக்கு ஆள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ எடுக்கச் சொல்கிறது விதி, அது 1.6 டன். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழுப்பினால் ஓர் அடி நீளத்துக்கு 400 கிலோ, 11 அடிக்கு 4.4 டன். பீம் ஒரு டன். மொத்தம் 11 டன் பக்கம் வருகிறது. இப்போது கீழ்த்தளத்தாலேயே ஏறக்குறைய அதே 11 டன் அந்த ஃபுட்டிங்கில் இறங்குகிறது.

மூன்றடிக்கு மூன்றடி என்பது 9 சதுர அடி, சதுர மீட்டரில் 0.84. இப்போது சதுர மீட்டருக்கு 13 டன் அழுத்தம். மாடி வந்தால் 26. காய்ந்த கரிசலுக்கே 15 டன் அளவில்தான் எங்கள் காலத்தில் கணக்கு எடுப்போம். ஊறி, கட்டைவிரல் அழுந்துகிற மண்ணுக்கு அதுவும் கிடையாது. அதாவது அந்தப் பில்லர் இன்றைக்கே எல்லையில் நிற்கிறது. இந்த நிலையில் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாக மாடி எடுக்காதீர்கள். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

அதற்காக மாடியே கிடையாது என்று மனம் உடைய வேண்டாம். இது சரிசெய்யக்கூடியதுதான். வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

முதல் வேலை செப்டிக் டேங்க். கசிவை அடைப்பதை விட, அதைப் பில்லரிலிருந்து தள்ளி வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய டேங்கைச் சுத்தம் செய்து, அடியில் ஓட்டை போட்டு, கிராவல் போட்டு இடித்து மூட வேண்டும். வெறும் பள்ளமாக விடக் கூடாது. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாகக் கான்கிரீட் போடுங்கள், கூரைத்தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயில் தள்ளிக் கொண்டுபோங்கள். மாடி கட்டாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். அதற்கப்புறம் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த விரிசலைக் கவனியுங்கள். அவசரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். இந்தக் காத்திருப்பு உங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் பரிசோதனை.

இரண்டாவது, பழைய சுவர்ப் பக்கத்துக்குப் புதுப் பில்லர்கள். அப்பா கட்டிய சுவர் ஒரு தளத்துக்கென்று கட்டியது, அதை விட்டுவிடுவோம். அந்தச் சுவரிலிருந்து இரண்டு, மூன்றடி உள்ளே தள்ளி, பின்பகுதியின் தரையை உடைத்து மூன்று புதுப் பில்லர் எழுப்பி, மாடித் தளத்துக்கு வரும் பீமை அங்கிருந்து சுவர்ப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். சுவரை ஒட்டியே ஃபுட்டிங் தோண்டினால் கருங்கல் அஸ்திவாரத்தின் அடிமண் சரியும். மூன்று குழியையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. ஒன்றைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகி, மூடியபின் அடுத்தது. தரையை உடைக்கும்போது அடுப்படி போகும், கொஞ்ச நாள் சிரமம்தான். அடுப்பை முன்வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பின்பக்க ஃபுட்டிங்குகளை அகலப்படுத்துவது. ஐந்தடிக்கு ஐந்தடி ஆக்கினால் 25 சதுர அடி, 2.3 சதுர மீட்டர். மாடி எடையோடு சேர்த்தாலும் சதுர மீட்டருக்கு 10 டன்னுக்குள் வந்துவிடும். அகலம் மட்டும் கூட்டினால் புது ஓரம் ஒடிந்துவிடும், கனத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். பழைய கான்கிரீட்டின் மேல்தோலைக் கொத்தி, துளை போட்டுக் கம்பி நட்டு, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இதை வரைபடம் இல்லாமல் எந்த மேஸ்திரியிடமும் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி மாதிரி சிவில் துறை உள்ள இடங்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எடையைக் குறைப்பதும் உங்கள் கையில்தான். மாடிச் சுவருக்குச் செங்கலுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்) வைத்தால் எடை பூச்சையும் சேர்த்துப் பாதிக்கும் கீழே வந்துவிடும். இப்போது மொட்டைமாடியில் இருக்கிற ஜல்லித் தளத்தையும் தட்டோட்டையும் முழுக்கப் பெயர்த்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மெல்லிசாக டைல்ஸ் போடுங்கள். பெயர்ப்பதை ஐப்பசிக்கு முன்னால் செய்யாதீர்கள். தை பிறந்தபின் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கீழே அம்மா இருக்கிற அறையில் ஒழுகும். குளியலறைத் தரையைப் பள்ளமாக இறக்கிச் செங்கல் சல்லியால் நிரப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை முன்வீட்டுக்கு மேலும் மாடிக் கூரையின் நடுவிலும் வைக்காமல் பில்லருக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்.

ஒத்தக்கடைக்காரன்:

அக்கா, இத்தனையும் செய்யப் பணம் இடிக்கிறது என்றால் இன்னொரு வழியும் யோசிக்கலாம். எங்கள் வீட்டில் பின்பகுதிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து, மேலே நடுவில் நுரை வைத்த ஷீட், சுவருக்குச் சிமெண்ட் போர்டு என்று அறை எடுத்திருக்கிறோம். எடை ரொம்பக் குறைவு. வெறும் தகரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் பகலில் உள்ளே இருக்க முடியாது. நுரை ஷீட்டும் உள்கூரையும் போட்டபின் படுக்க முடிகிறது. ஆனால் மழை பெய்தால் சத்தம் இருக்கும், பிள்ளைகள் படிக்கிற அறை என்றால் அதையும் யோசியுங்கள்.

எடை குறைவு என்பதாலேயே ஒரு பயம் உண்டு. ஆடிக் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். சட்டத்தின் கால்களைத் தளத்தில் சும்மா உட்கார வைக்காமல், பீமுக்குள் போல்ட் இறக்கி இறுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு வாசலில் போய் விழுந்தது.

அப்புறம் இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. தெரு மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது? மாடி வந்ததும் அது ஜன்னலுக்கு நேராக வந்துவிடும். வீட்டு மின்சாரம் போகிற சாதாரணக் கம்பியாக இருந்தாலும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கூரைக்கு மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். பத்தவில்லை என்றால் வேலை தொடங்கும் முன்னால் மின்வாரியத்தில் மனு கொடுத்துவிடுங்கள். சாரம் கட்டியபின் ஓடக் கூடாது.

அனுமதி. 2010-ல் கட்டிய பகுதிக்கு நகராட்சி அனுமதி வாங்கியிருந்தீர்களா? அது வரைபடத்திலேயே இல்லை என்றால் அதற்கு மேல் மாடி கேட்கும்போது அங்கேயே நிற்கும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது எல்லா ஊருக்கும். பழைய வரைபடம், பத்திரம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நகராட்சியில் முதலில் பேசுங்கள். கடன் கேட்டுப் போனாலும் வங்கியில் அனுமதி வரைபடத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

திருமங்கலத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். செப்டிக் டேங்கை மாற்றுவது, சுற்றிக் கான்கிரீட் போடுவது இரண்டையும் இந்த வருஷமே செய்கிறோம். மாடியை ஒரு கோடை பார்த்துவிட்டு, பொறியாளர் வரைபடத்தோடு, பிளாக் சுவர் வைத்தே எடுப்பதாக முடிவு. மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார், வரைபடம் கொடுத்தால் அதன்படி செய்கிறேன் என்றார். நகையை இப்போதைக்கு வைக்கவில்லை.

அய்யா, கடைசியாக இரண்டு கேள்வி. மாடிக் கூரைக்குக் கான்கிரீட் போடும்போது கீழே அம்மா இருக்கலாமா? இன்னொன்று, எங்களுக்குப் படி முன்வீட்டில்தான் இருக்கிறது. முன்வீட்டு மொட்டைமாடியில் ஏறி, அங்கிருந்து மாடி அறைக்குள் போக வேண்டும். பழையதும் புதியதும் சேருகிற இடத்தில் மாடியிலும் விரிசல் வருமா? மழைத்தண்ணீர் அது வழியாகக் கீழே இறங்காதா?

ஓவர்சியர் (ஓய்வு):

நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள் அம்மா, மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

கான்கிரீட் போடும்போது அம்மா கீழே இருக்கக் கூடாது. மாடிக் கூரையின் முட்டுகள் எல்லாம் இப்போதைய மொட்டைமாடித் தளத்தில்தான் நிற்கும். ஈரக் கான்கிரீட், பலகை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு 40 கிலோவுக்கு மேல் அதில் இறங்கும். அந்தத் தளம் கணக்கு எடுத்தது 20 கிலோவுக்கும் கீழே. அதனால் கீழ் அறைகளிலும் மேல் முட்டுக்கு நேராக முட்டுக் கொடுக்க வேண்டும். உசிலம்பட்டித் தம்பிக்கு இது தெரிந்திருக்கும். கீழ் முட்டு இல்லாமல் மேலே கான்கிரீட் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குறுக்களவு 16 அடி, 4.5 மீட்டரைத் தாண்டுகிறது. அதனால் தளத்து முட்டை 14 நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை அம்மாவை முன்வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் ஏற்றி வைப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு யூனிட் எம் சாண்ட் நாலரை டன். அதை மொட்டைமாடியில் 50 சதுர அடிக்குள் குவித்தால் சதுர அடிக்கு 90 கிலோ. மணலையும் பிளாக்கையும் கீழேயே இறக்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

சேருகிற இடத்தைப் பற்றி. பழைய வீடும் புது மாடியும் தனித்தனியாக அசையப் போகிறவை. அதனால் மாடிச் சுவரைப் பழைய கைப்பிடிச் சுவரோடு கொக்கி விட்டுக் கட்டவே கூடாது. நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, கட்டும்போது தெர்மாகோல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதை எடுத்துவிட்டு, இழுத்தால் நீளுகிற சீலண்ட் போட்டு அடைக்கலாம். மொட்டைமாடித் தரையில் அந்த இடைவெளியின் இரண்டு பக்கமும் 4 அங்குல உயரத்துக்குக் கான்கிரீட் வரம்பு எழுப்பி, அதன் மேல் அலுமினியத் தகட்டைக் கவிழ்த்துவிட்டால் மழைத்தண்ணீர் இறங்காது. வாசல் வருகிற இடத்தில் அந்த வரம்பையே படியாக்கிவிடுங்கள். தகட்டைப் புது மாடிப் பக்கம் மட்டும் திருகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் திருகினால் முதல் கோடையிலேயே பிய்த்துக்கொள்ளும்.

வரைபடம் வந்ததும் ஃபுட்டிங் அளவை இங்கே போடுங்கள், நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.